விளையாட்டு வீரர் பல்வங்கர் பாலு

ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசியல் தலைவர்களையும் சமயச் சான்றோரையும் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். விளையாட்டுக் களத்தில் நின்று நம் இனத்தின் ஆற்றலை உலகறியச் செய்த ஒருவரை நம் இளைஞருட் பலர் இன்னும் அறிந்திலர். அவர்தாம் பல்வங்கர் பாலு. இந்திய நாடு தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932ஆம் ஆண்டில்தான் ஆடியது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்து மண்ணில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பிய பந்துவீச்சாளர் அவர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெருமகனாரின் வரலாற்றை எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பாலு 1870களின் நடுப்பகுதியில் தார்வாரில் பிறந்தார். இவ்வூர் இன்று கருநாடக மாநிலத்தில் உள்ளது. குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பல்வண் என்னும் சிற்றூர். பல்வங்கர் என்னும் குடும்பப் பெயர் அவ்வூரால் வந்தது. அவர்கள் தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் வகுப்பினர். நம் பகுதியில் அருந்ததியர் பட்ட இழிவுகள் அனைத்தையும் அங்கே அவ்வகுப்பினரும் பட்டனர்.

தந்தையார் பூனாவில் இராணுவத்தைச் சார்ந்து பிழைத்தார். அந்நாளில் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு ஊர்க்கட்டுப்பாட்டினின்று விடுபட வழியாக அமைந்தது இராணுவ வேலையே. அண்ணல் அம்பேத்கரின் தந்தையாரும் படையில் பணியாற்றியவர் என்பதை நாம் இங்கே நினைவுகூரலாம். வெள்ளை அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டே பாலுவும் அவர் தம்பி சிவராமும் கிரிக்கெட் ஆடப் பழகினர்.

தரை பெருக்கியவர் பந்துவீச்சாளரானமை

பதின்ம வயதிலேயே பாலு வேலைக்குச் செல்ல நேர்ந்தது. பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கழகம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும் அவர் வேலை. மாத ஊதியம் 3 ரூபாய். 1892ஆம் ஆண்டளவில் வெள்ளையரின் பூனா கழகத்தில் வேலைக்கமர்ந்தார். வலை கட்டுதல், ஆடுகளத்தைச் செப்பனிடுதல், கோடு போடுதல் ஆகிய பணிகளோடு, உறுப்பினர்கள் பயிற்சி பெறும்போது அவர்களுக்குப் பந்து வீசும் பணியும் அவருக்கு வாய்த்தது.

அக்காலத்தில் பூனாவில் பெயர் பெற்று விளங்கிய மட்டையாளர் கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி. அவருக்குப் பாலு நாள்தோறும் மணிக்கணக்காகப் பந்து வீசினார். தம்மை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா தருவதாகக் கிரெய்க் ஏற்பாடு செய்திருந்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. அது எவ்வாறாயினும், அந்தப் பயிற்சியே பாலுவை உருவாக்கிற்று. இடக்கையால் மெதுவாக வீசும் பந்தை இருபுறமும் திருப்பவும், உயரத் தூக்கிவிட்டு மட்டையாளரை ஏமாற்றவும் அவர் கற்றுத் தேர்ந்தார்.

ஒன்றை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். அத்தனை ஆண்டுகளில் அக்கழகத்தார் ஒருநாளேனும் அவர் கையில் மட்டையைக் கொடுத்தாரில்லை. மட்டை பிடிப்பது துரைமாரின் உரிமை. வியர்வை சிந்திப் பந்து வீசுவது வேலையாளின் கடமை. அதுவே அந்நாளைய வழக்கம்.

மண்குவளை

பாலுவின் புகழ் நகரெங்கும் பரவிற்று. பூனாவின் இந்துக்கள் தமக்கென ஒரு குழு அமைத்து வெள்ளையரோடு மோத விரும்பினர். வெற்றி பெற வேண்டுமாயின் பாலு வேண்டும். பாலுவைச் சேர்த்தால் ஆசாரம் கெடும். இவ்விரண்டுக்கும் இடையே அவர்கள் தடுமாறினர். சாதி இந்துக்களிடையே வாதம் நடந்து, முடிவில் வெற்றி பெறும் ஆசையே வென்றது. பாலு குழுவிற் சேர்க்கப்பட்டார்.

ஆனால் எவ்வாறு சேர்க்கப்பட்டார்? ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவவும் தீண்டத்தகாத பணியாள் ஒருவரே அவருக்கு நீர் கொணர்ந்தார். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையையும் சிரட்டையையும் கண்ட நம் பெரியோர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பூனாவின் மண்குவளையும் நம் ஊர்ச் சிரட்டையும் ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகளே.

சாத்தாராவில் வெள்ளையர் கழகத்தோடு ஓர் ஆட்டம் நடைபெற்றது. பாலுவின் பந்து சுழலாதிருக்க வேண்டி ஆடுகளத்தைப் பல நாள் உருளையிட்டு இறுக்கி வைத்தனர் என்பர். ஆயினும் அவர் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனா இந்துக்கள் வென்றனர். வெற்றிக்குப் பின் அவருக்கு மாலைகள் விழுந்தன. சீர்திருத்தவாதியான நீதிபதி இரானடே, உடன் ஆடுகின்றவரோடு உடன் உண்ண மறுப்பது முறையோ என்னும் கருத்துப்படப் பொது மேடையிலேயே சாதி இந்துக்களைக் கண்டித்தார்.

பம்பாய் வாழ்வு

1890களின் இறுதியில் பூனாவைப் பிளேக் நோய் தாக்கிற்று. அக்காலத்தை ஒட்டிப் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே இந்து ஜிம்கானா கழகம் அவரை ஏற்றது. பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரெயில்வேயிலும் அவருக்கு வேலை கிடைத்தது.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக் குழுவும் வெள்ளையர் குழுவும் மோதின. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கனன்றுகொண்டிருந்த நேரம் அது. இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றனர். பாலு பந்து வீச்சால் வெற்றிக்கு அடிகோலினார். தம்பி சிவராமும் அக்குழுவில் ஆடினார். ஆளும் இனத்தாரை அவர்தம் விளையாட்டிலேயே தாழ்த்தப்பட்ட வகுப்பினர் இருவரின் துணையோடு வென்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பம்பாய் இந்து ஜிம்கானாவில் மண்குவளை மறைந்தது. சகோதரர்கள் மற்றவர்களோடு ஒரே கூடத்தில் உணவருந்தினர்.

இங்கிலாந்துப் பயணம்

1911இல் அனைத்திந்தியக் குழு ஒன்று முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், சீக்கியர் அனைவரும் அதில் இடம்பெற்றனர். தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். இருபது வயதும் நிரம்பாத இளைஞர். அவர் சில ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார். அரச விருந்துகள் அவரை அழைத்தன. ஆட்டத்தின் சுமையோ பாலுவின் தோள்மீது விழுந்தது.

குழு ஆடிய 23 ஆட்டங்களில் 6 வெற்றி, 15 தோல்வி. 2 ஆட்டங்கள் முடிவின்றி நின்றன. இத்தோல்விகளின் நடுவே பாலு ஒருவரே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் பெற்றவை. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது, தோள்வலியும் வருத்திற்று. லெஸ்டர்ஷயர் மாவட்டக் குழுவை இந்தியர் வென்ற ஆட்டத்தில் இரு இன்னிங்சிலும் சேர்த்து 11 விக்கெட்டுகள் அவருடையவை. சாமர்செட் மாவட்டத்தை வென்ற ஆட்டத்தில் சிவராம் நூறு ஓட்டங்களைக் கடந்தார்.

நாடு திரும்பிய பாலுவுக்குப் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருங்கூட்டமாகக் கூடி வரவேற்பளித்தனர். அவ்விழாவின் வரவேற்பு மடலை எழுதியவர், அந்நாளில் கல்லூரி மாணவராயிருந்த பீமாராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னாளில் நம் மக்களுக்கு வழிகாட்டிய அறிஞருக்கே இளமையில் பெருமிதம் ஊட்டியவர் இவ்விளையாட்டு வீரர்.

மறுக்கப்பட்ட தலைமை

முதல்தர ஆட்டங்களில் பாலு மொத்தம் 33 ஆட்டங்கள் ஆடி, விக்கெட் ஒன்றுக்குச் சராசரி 15 ஓட்டங்களே கொடுத்து, 179 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இத்தகையவர் இந்துக் குழுவின் தலைவராகியிருத்தல் வேண்டுமன்றோ? அவர் பெயர் பலமுறை எழுப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் மேல்சாதியார் ஒருவருக்கே தலைமை சென்றது. உழைக்கப் பாலு வேண்டும். ஆணையிட வேறொருவர் வேண்டும். மண்குவளை மறைந்தபின்னும் மறையாது நின்றது இந்த வேற்றுமை.

1920இல் பூனாவில் நடந்த நாற்குழுப் போட்டியில் நிகழ்ந்ததை நம் இளைஞர் மனத்திற் பதித்தல் வேண்டும். பாலு குழுவினின்று விடுபட்டார். தலைவர் எம்.டி. பை ஆட இயலாதபோது, தகுதியால் முன்னின்ற பாலுவின் மற்றொரு தம்பி விட்டலுக்குத் தலைமை தரப்படவில்லை. உடனே சிவராமும் விட்டலும் சாதி காரணமாகவே இவ்வநீதி நிகழ்ந்தது என்று வெளிப்படையாக அறிவித்து, குழுவிலிருந்து ஒருங்கே விலகினர். நாளேடுகளும் பொதுமக்களும் அவர்கள் பக்கம் நின்றனர். கழகத்தார் பணிந்தனர். இறுதி ஆட்டத்திற்குச் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். பாலு துணைத் தலைவராக்கப்பட்டார். எம்.டி. பை ஆட்டத்தினிடையே சிறிது நேரம் களத்தை விட்டு அகன்று, பாலு குழுவை நடத்த வழிவிட்டார். பதினைந்தாண்டு உழைத்தவருக்குத் தலைமை அவ்வளவே கிட்டியது.

1923இல் விட்டல் இந்துக் குழுவின் தலைவரானார். அவ்வாண்டே அவர் தலைமையில் இந்துக்கள் வெள்ளையரை வென்று கோப்பையைக் கைப்பற்றினர். தொட்டால் தீட்டு என்று கருதியோரின் மக்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

அரசியற் களம்

ஆட்டத்தினின்று ஓய்வு பெற்ற பாலு அரசியலில் ஈடுபட்டார். அதில் அவர் சென்ற வழியும் அண்ணல் அம்பேத்கர் சென்ற வழியும் வேறு வேறு. 1932இல் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித்தொகுதி குறித்த போராட்டத்தில், நம் சென்னை மாகாணத்தின் எம்.சி. இராசாவோடு சேர்ந்து கூட்டுத்தொகுதியைப் பாலு ஆதரித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் உருவான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. இராசா ஆகியோரோடு பாலுவும் கையெழுத்திட்டார். மதமாற்றம் பற்றி 1935இல் அம்பேத்கர் அறிவித்ததையும் பாலு ஏற்கவில்லை.

1937ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு இயக்கம் பாலுவையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒரே மக்களின் இரு பெருமக்களை எதிரெதிரே நிறுத்தியது அத்தேர்தல். வாக்காளர் அளித்த தீர்ப்பைப் பின்வந்த வரலாறும் உறுதி செய்தது. ஆயினும் கொள்கை வேற்றுமை கருதிப் பாலுவின் தொண்டை மறப்பது நன்றியாகாது. தம் மக்களின் மதிப்பைத் தம் கைத்திறனால் உயர்த்திய அவர் 1955 சூலை 4ஆம் நாள் பம்பாயில் மறைந்தார்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

இளைஞர்களே! இவ்வரலாற்றைப் படித்து, திறமை இருந்தால் சாதி தானே அழியும் என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பிழையாகும். பாலுவின் திறமை அவருக்கு ஆடுகளத்தின் வாயிலைத் திறந்தது. உணவுக்கூடத்தின் வாயிலைத் திறக்க மேலும் பல வெற்றிகள் வேண்டியிருந்தன. தலைமையின் வாயிலையோ திறமை மட்டும் திறக்கவேயில்லை. தம்பியர் இருவர் சேர்ந்து, ஆட மாட்டோம் என்று நின்றபோதே அது திறந்தது. அந்தத் துணிவுக்கும் பின்னணி உண்டு. இவர்களின்றி வெற்றியில்லை என்னும் நிலையை அண்ணன் முன்பே உருவாக்கி வைத்திருந்தார். திறமையின்றி மறுத்தால் எவரும் பொருட்படுத்தார். மறுக்கும் துணிவின்றித் திறமை மட்டும் இருந்தால் பிறர் அதைப் பயன்படுத்திக் கொள்வரேயன்றி மதியார்.

நம் கந்தக பூமிக்கு இப்பாடம் மிகவும் வேண்டுவது. விடியுமுன் ஊருக்குள் வந்து நின்ற ஆலை வண்டிகளில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்று, கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் இளமையைக் கழித்தோர் நம்மிடையே பலர். பட்டாசுக்குத் திரி வைக்கும் கைகளின் விரைவும் நுட்பமும் எவருக்கும் குறைந்தவையல்ல. அந்தத் திறமையை நாடு நன்கு பயன்படுத்திக் கொண்டது. அதற்குரிய மதிப்பையும் பொறுப்பையும் தந்ததா என்பதே கேள்வி. உருளை இழுத்த பாலுவின் கைக்கு மட்டை கிடைக்காதது போன்றே, நம் முன்னோர் பலரின் கைக்கு ஏடு கிடைக்கவில்லை.

அந்த ஏட்டைக் கையில் கொடுக்கவே இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பாடுபட்டு வருகிறது. படியுங்கள், விளையாடுங்கள், எத்துறையாயினும், நீங்கள் இல்லாமல் முடியாது என்னும் அளவுக்குத் தேர்ச்சி பெறுங்கள். உரிய இடம் மறுக்கப்படும் நாளில் தனித்து வருந்தாமல் ஒன்றாக எழுந்து நில்லுங்கள். பாலுவுக்குக் கிட்டாத தலைமை அவர் தம்பிக்குக் கிட்டிற்று. நம் தலைமுறைக்குக் கிட்டாதவை நம் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் கிட்டுக.