இருபொருட் கவி காளமேகம்

தமிழில் தனிப்பாடல் பாடிப் புகழ் கொண்ட புலவர் பலர். அவர்களுள், ஏட்டுக் கல்வி அறியாத பாட்டிமாரும் பெயர் சொல்லிக் கதை கூறும் பேறு பெற்றவர் இருவரே எனலாம். ஒருவர் ஔவையார், மற்றவர் காளமேகம். கி.பி. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகத்தின் வரலாற்றை இவ்வாண்டு விழா மலரில் எழுத நாம் முற்பட்டதற்குக் காரணம் ஒன்று உண்டு.

நம் குடியிருப்பின் இளைஞர் சிலர், ஆங்கில நாளிதழ்களில் வரும் மறைபொருட் குறுக்கெழுத்தை விடுவிக்க முயன்று, முதற் குறிப்பிலேயே களைத்து விடுகின்றனர். குறுக்கெழுத்து என்னும் விளையாட்டு 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் என்பவரால் வெளியிடப்பெற்றது. அன்றைய குறிப்புகள் நேரிய பொருள் விளக்கங்களே. 1926 முதல் இலண்டன் அப்சர்வர் இதழில் டார்க்கிமாடா என்னும் புனைபெயருடன் எட்வர்டு போயிஸ் மாத்தர்ஸ் என்பவர் குறிப்பு முழுவதையும் சொல் விளையாட்டாகவே அமைத்தார். அது முதல் அந்நாட்டில் மறைபொருட் குறிப்பு வேரூன்றியது. அதன் சூத்திரம் மிகவும் எளிது. குறிப்பை ஒரு வாக்கியமாகப் படிப்பவர் ஏமாறுவர். அதன் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். எஞ்சிய பகுதி, விடைச் சொல்லைப் பிரித்தோ, கூட்டியோ, பிற சொற்களுக்குள் ஒளித்தோ காட்டும் வழியாக இருக்கும். ஆகவே, முதலில் மேற்பொருளை மறந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லும் எங்கே பிரியும் என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வித்தையைத் தமிழிற் பழகியவர்க்கு ஆங்கிலத்திற் பழகுதல் அரிதன்று. தமிழிற் பழகுவதற்கோ காளமேகத்தினும் சிறந்த ஆசான் இல்லை என்பது நம் துணிபு.

அவர் இயற்பெயர் வரதன். பிறந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த நந்திகிராமம் என்பாரும், எண்ணாயிரம் என்பாரும் உளர். வைணவ அந்தணர் குலத்தவர். திருவரங்கப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியிற் பரிசாரகராகப் பணி செய்தவர். கரண்டி பிடித்த கை கவி பாடத் தொடங்கிய கதை சுவையானது. திருவானைக்காச் சம்புகேசுவரர் கோயிலில் தொண்டு பூண்டிருந்த மோகனாங்கி என்னும் கணிகையிடம் வரதன் காதல் கொண்டிருந்தார். மார்கழித் திங்களில் ஒரு நாள் அவள் தோழியருடன் திருவெம்பாவை ஓதினாள். சிவனடியார் அல்லாதாரைச் சேர மாட்டோம் என்று இறைவனிடம் விண்ணப்பிக்கும் இடம் வந்ததும், வைணவரை விரும்பும் இவளா இதைப் பாடுவது என்று தோழியர் நகைத்தனர். நாணமுற்ற மோகனாங்கி அன்று முதல் கதவை அடைத்துக்கொண்டாள். வரதன் சைவரானார்.

பின்னர் ஓர் இரவு அவர் ஆனைக்காக் கோயில் மண்டபத்தில் அயர்ந்து உறங்கினார். அங்கே புலமை வேண்டி ஒருவன் நெடுநாள் தவமிருந்தான். தேவி பெண்ணுருவில் தோன்றித் தன் வாயிலிருந்த தாம்பூலத்தை நீட்ட, அவன் அருவருத்து மறுத்தான். அவள் அதனை உறங்கியவர் வாயில் இட்டாள் என்றும், விழித்தெழுந்த வரதன் கார்மேகம் பொழிவதுபோற் கவி பொழிந்தமையால் காளமேகம் எனப் பெயர் பெற்றார் என்றும் கூறுவர். கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நான்காகப் பகுப்பர். கொடுத்த பொருளில் கொடுத்த நொடியிற் பாடும் ஆசுகவியில் அவருக்கு இணை எவரும் இலர். திருவானைக்கா உலா அவர் இயற்றிய நூல்களுள் ஒன்று. ஆயினும், உலாவை அறிந்தார் சிலரே. தனிப்பாடல்களை அறியாதார் இலர்.

வழிநடையிற் பாடிய பாடல்களுள் நாகையில் நிகழ்ந்ததாகக் கூறும் கதை ஒன்று நம் நோக்கத்துக்கு மிகவும் ஏற்றது. காத்தான் என்பவரின் சத்திரத்திற்குப் பசியோடு போய்ச் சேர்ந்த புலவர் நெடுநேரம் காத்திருந்தார். சோறு வரவில்லை. கோபங்கொண்டு ஒரு வெண்பாப் பாடினார். இச்சத்திரத்துக்கு அரிசி வரும்போதே பொழுது சாய்ந்துவிடும். அதை உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்பது அதன் கருத்து. சத்திரத்தார் பதறி மன்னிப்பு வேண்டினர். புலவர் ஓர் எழுத்தையும் மாற்றினாரில்லை. பொருளை மட்டும் மாற்றினார். நாடெங்கும் பஞ்சத்தால் வளம் அத்தமித்த காலத்திலும் இங்கே அரிசி வரும். உலையிற் பெய்த அளவிலே ஊரார் பசி அடங்கும். இலையில் இட்ட சோற்றின் வெண்மை கண்டு வெள்ளி மீன் நாணி எழுந்தோடும். அடங்குதல் என்பது ஓசை ஒழிதலும் ஆம், பசி தணிதலும் ஆம். எழுதல் என்பது தோன்றுதலும் ஆம், எழுந்து அகலுதலும் ஆம். வசையை வாழ்த்தாக்கிய வல்லமை இவ்விரண்டு வினைச்சொற்களில் அடங்கிக் கிடக்கிறது. குறிப்பின் மேற்பொருளை நம்பாதே என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

இனி, அவர் வாழ்வின் பெருஞ் சோதனைக்கு வருவோம். இன்று புதுவை மாநிலத்துக் காரைக்காலைச் சேர்ந்த திருமலைராயன்பட்டினம் அக்காலத்தில் திருமலைராயன் என்னும் சிற்றரசன் இருந்த ஊர். அவன் அவையில் அதிமதுரகவி என்பவரைத் தலைவராகக் கொண்டு அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்கள் செருக்குடன் வீற்றிருந்தனர். காளமேகத்துக்கு அங்கே இருக்கையும் தரப்படவில்லை. வாதம் முற்றி, எமகண்டம் பாடுவதென முடிவாயிற்று. தீ மூட்டிய குழிக்குமேல் உறியிற் புலவரை அமர்த்தி, சுற்றிலும் கூரிய கத்திகளைப் பிணித்து, அவற்றின் சங்கிலிகளை யானைகள் பற்றி நிற்க, கேட்ட கேள்விக்கெல்லாம் அக்கணமே கவி சொல்லல் வேண்டும். தடுமாறினால் உயிர் போகும் என்பர். கதை வளர்ந்திருக்கலாம். ஆயினும், ஒரு சொல்லுக்கு ஓர் உயிர் ஈடாக நின்றது என்று தமிழர் நினைத்து வைத்திருக்கும் பெருமிதம் வளர்ந்த கதையன்று.

நம் அண்டையிலுள்ள தெலுங்கு அன்பர்களுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. அவர்கள் இன்றும் விரும்பி நடத்தும் அட்டாவதான, சதாவதான அரங்குகளில் சமசியை கொடுத்துப் பாட்டை முடிக்கச் சொல்வது வழக்கம். எமகண்டத்தின் உயிர்ப்பயம் மட்டுமே அங்கில்லை. ஒரே காவியத்தில் இராமகதையும் பாரதகதையும் ஒருங்கே அமைய, 16ஆம் நூற்றாண்டிற் பிங்கலி சூரனர் இயற்றிய இராகவ பாண்டவீயம் அவர்களுடைய சிலேடைக் கோபுரம்.

எமகண்டத்தில் வென்ற காளமேகத்துக்கு உரிய சிறப்பை அரசன் செய்தானில்லை. புலவர் வசை பாட, அவ்வூர் மண்மாரியால் அழிந்தது என்பது கதையின் முடிவு. கடலோரத்து மணல் காற்றுக்கு ஊர்வதை அறிந்தவர், தமக்கு ஏற்ற முடிவைக் கொள்க.

புலவரை வெல்ல எண்ணியோர் கொடுத்த சமசியைகள் பெரும்பாலும் இழிபொருள் பற்றியவை. செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடியும்படி முருகன்மேல் வெண்பா ஒன்று கேட்டனராம். புலவர் கலங்கவில்லை. செரு என்பது போர். புக்கு என்பது புகுந்து. ஆகவே செருப்புக்கு என்பது போரிற் புகுந்து என்றாகி, பகைவரை வென்ற வேலனின் வீரம் ஆயிற்று. இறுதியில் ஒரு வண்டை விளித்து, அவன் வரவை விளக்குமாறு வேண்டுவதாக முடித்தார். காலணியும் துடைப்பமும் ஓடிப்போயின. இவ்வாறு சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதைத் தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்னும். பிரியாமலே இருபொருள் தருவது செம்மொழிச் சிலேடை. எட்டு என்பதை எள்ளைத் தின் என்றும், தாமரை என்பதைத் தாவும் மான் என்றும், வேங்கை என்பதை வேகின்ற கை என்றும் பிரித்து விளையாடுவது பள்ளிச் சிறார்க்கும் கூடும். நாம் அடிக்கடி கேட்கும் பாலசமுத்திரம் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்க. தமிழ்ச் செவிக்கு அது இளஞ் சமுத்திரம்; தெலுங்குச் செவிக்கோ திருமால் பள்ளிகொண்ட பாற்கடல்.

செம்மொழிச் சிலேடைக்குப் பாம்பையும் வாழைப்பழத்தையும் இணைத்த வெண்பா பெயர்போனது. நஞ்சு என்பது விடம். பழம் கனிந்து நைந்ததையும் பேச்சு வழக்கில் நஞ்சு என்பர். இரண்டும் தோல் உரிக்கும். இரண்டும் சிவபெருமான் திருமுடியேறும். வெஞ்சினம் என்பது கடுங்கோபம். சோற்றுடன் உண்ணும் தொடுகறியாகிய வெஞ்சனத்தையும் அது நினைப்பூட்டும். இரண்டிலும் பல் பட்டால் மீட்சி இல்லை. குறுக்கெழுத்துக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே விடை மறைந்திருக்க, நாம் தேடுகிறோம். இங்கே இரு விடைகளையும் புலவர் முடிவில் வெளிப்படக் கூறிவிடுகிறார், மறைந்திருப்பது வழியே.

எல்லாவற்றினும் நாம் வியப்பது பின்ன எண்களை அடுக்கிய பாடலை. காஞ்சி ஏகாம்பரநாதரை மூப்பு வருமுன் வணங்குக என்பது மேற்பொருள். உள்ளே முக்கால் தொடங்கிக் கீழரை வரை எண்கள் வரிசையாக இறங்குகின்றன. முதுமையில் ஊன்றும் கோல் மூன்றாம் கால், அது முக்கால். முன் நரை விழும் என்ற இடத்தில் அரை ஒளிந்திருக்கிறது. காலர் என்னும் எமதூதரைக் கண்டு அஞ்சும் இடத்தில் காலும் அரைக்காலும் உறைகின்றன. விக்கி இருமுவது இருமா. பெரிய காணியாகிய சுடுகாடு மாகாணி. காஞ்சியில் இறைவன் எழுந்தருளிய ஒற்றை மாமரம் ஒருமா. அதன் கீழ் அமர்ந்தவனை ஓதச் சொல்லும்போது கீழரை வந்து நிற்கிறது. மேலே பக்தி, கீழே கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று இடறவில்லை.

இப்பாடலைக் கேட்ட மாத்திரத்தில் நகைத்து மகிழ்ந்த தலைமுறை திண்ணைப் பள்ளியில் கீழ்வாய் இலக்கம் மனப்பாடம் செய்த தலைமுறை. ரூபாயின் மாகாணி ஓர் அணா என்பது அவர்களுக்குக் கைக்கணக்கு. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. அணா போயிற்று, அதனுடன் வாய்பாடும் போயிற்று. பாடல் அழியவில்லை, அதன் திறவுகோல்தான் துருப்பிடிக்கின்றது. தெலுங்கு எழுத்தை முதலிற் கற்று வளரும் நம் பிள்ளைகளிடம் வெஞ்சனம் என்றால் விழிக்கின்றனர்; செரு என்றாலோ சொல்ல வேண்டுவதில்லை. ஒரு சொல் வழக்கொழியும்போது காளமேகத்தின் ஒரு கதவு அடைபடுகின்றது.

அவர் பாடல்கள் நெடுங்காலம் ஏட்டிலும் நாவிலும் உலவின. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் விருப்பப்படி தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராயர் தொகுத்த தனிப்பாடற் றிரட்டு அவற்றுள் பலவற்றைக் காத்தது. அப்பாடல்கள் அனைத்தும் அவர் வாக்கே என்று சாதிப்பது நம் கருத்தன்று. நல்ல சிலேடையைக் கேட்டவுடன் காளமேகம் பாடியது என்று சொல்லும் பழக்கம் தமிழருக்கு உண்டு.

விழா முடிந்து வீடு திரும்பும் இளைஞர்க்கு இரண்டு புதிர்களை விட்டுச் செல்கின்றோம். வைக்கோலும் யானையும் ஒன்று என்றார் புலவர். களம், கோட்டை, போர் என்னும் மூன்று சொற்களும் துணை. பூசணிக்காயும் ஈசனும் ஒன்று என்றார். வெளுத்த மேனியும், ஒரு பக்கத்தில் கொடியும் துணை. கீழ்வாய் இலக்கத்தின் அளவு வேண்டுவோர்க்கு: அரைக்கால் எட்டில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, ஒருமா இருபதில் ஒன்று, கீழரை 640இல் ஒன்று.