மணி அடித்த பின் வந்த மாணவர்

மாத்தூரிலும் மணலியிலும் நம் பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்குப் போகிறார்கள். அதில் சேராமல் பின்தங்கி வரும் பிள்ளையைக் கூச்ச சுபாவம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அப்படி ஒரு சிறுவனாக இருந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

1859-இல் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளத்தில் பிறந்தவர், கோயம்புத்தூரில் படித்தார். பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர். எந்த ஊர், யார் உறவு, என்ன சாதி என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் யாருடனும் விளையாடப் போகவில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும், மற்றவர்கள் தம்மை எட்டாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். விளையாட முடியாத அந்த வேதனை முதுமையிலும் ஆறவில்லை. 1939-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்தார்.

இதில் குற்றவாளி என்று ஒரு பையனைக் காட்ட முடியாது. ஆனால் தினமும் ஒருவன் மணிக்குப் பிறகு தனியே வருவது அத்தனை பேர் கண்ணிலுமா படாமல் போயிருக்கும்? அன்பாக ஒருவன் விளையாடக் கூப்பிட்டிருந்தாலும், அடுத்த கேள்வி தெருவைப் பற்றியதாக இருந்திருக்குமே! அந்தப் பயம்தான் கொடுமை.

பின்னாளில், 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் சென்றவர் இவர். அதற்கு வெகுமுன்பே, 1893 அக்டோபரில், சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பள்ளியில் மறைத்த அதே சாதிப் பெயரை, பறையன் என்று, அதற்குச் சூட்டினார். முதல் இதழ் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன.