உடற்கல்விக்கு வித்திட்ட பெருமகனார்

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் நூலும் ஏடும் தேர்வுமே நம் நினைவில் எழுகின்றன. உடலுக்கும் ஒரு கல்வி உண்டு. அதனைக் கற்பிக்கவும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். இவ்வுண்மையைத் தமிழ் மண்ணில் செயலால் நிலைநாட்டியவர் ஹாரி குரோ பக் ஆவார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1884ஆம் ஆண்டு பிறந்த பக், ஸ்பிரிங்பீல்டு நகரில் உடற்கல்வி பயின்றார். 1891இல் கூடைப்பந்து ஆட்டம் பிறந்ததும் அங்கேதான். 1919இல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் பணியேற்றுச் சென்னைக்கு வந்த அவர், மறு ஆண்டே ஐந்து மாணாக்கர்களைக் கொண்டு உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அச்சிறு விதையே இன்று நந்தனத்தில் ஆலமரமெனப் பரந்து நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாகும்.

1924இல் பாரிசு நகர ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் பக் விளங்கினார். அவ்வணியில் தடை தாண்டி ஓடிய சி.கே. லட்சுமணன் பிற்காலத்தில் மருத்துவராகி, நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையில் உயர்பொறுப்பு வகித்தார். விளையாட்டும் நலவாழ்வும் ஒரே கிளையில் பூத்த இரு மலர்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

பக் நினைத்திருந்தால் பரிசு வெல்லும் வீரர் சிலரை மட்டும் உருவாக்கிப் புகழ் தேடியிருக்கலாம். அவரோ ஆசிரியர்களை உருவாக்கினார். ஒரு வீரரின் வெற்றி அவரோடு நின்றுவிடும். ஓர் ஆசிரியரின் பணியோ ஊர் ஊராகச் சென்று சேரும். அவர் வாழ்வில் நாம் காணும் பெரும் சிறப்பு இதுவே.

1943இல் பக் மறைந்தார். அவர் பணியின் பயனை அறிவியல் பின்னரே அளந்து காட்டியது. 1953இல் இலண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளர்களை மருத்துவர் ஜெரி மோரிசு ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, ஈரடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதயநோய் குறைவு எனக் கண்டார். 2006இல் வெளிவந்த சென்னை ஆய்வொன்று, நீரிழிவு வரும் நிலையில் இருந்தோர் நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டால் அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறையும் எனக் காட்டியது. உழைக்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை எரிபொருளாக ஏற்கிறது. இன்சுலினும் திறம்படச் செயற்படுகிறது. இரத்தக் கொதிப்பும் தணிகிறது.

காயம் தவிர்க்கவும் பயிற்சியே காவலாகும். உடலைச் சூடேற்றாமல் சடுகுடுக் களத்தில் பாய்பவனுக்கு முழங்காலும் கணுக்காலும் எளிதில் பிறழும். மூட்டைத் தாங்கும் தசைகளை வலுப்படுத்தி, சமநிலையும் பழகியவனுக்கு அவ்விடர் குறைவு. கால்பந்து வீராங்கனையரிடம் நார்வேயில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இருபது நிமிட ஆயத்தப் பயிற்சியால் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இப்பயிற்சியை முறைப்படி கற்பிப்பவர் உடற்கல்வி ஆசிரியரே அல்லரோ?

இனி நம் மண்ணை நோக்குவோம். கல்வராயன் மலைமக்கள் சாமையும் தினையும் விளைத்து, ஏற்றமும் இறக்கமுமான பாதைகளில் நடந்து வாழ்ந்தனர். அவர்க்கு உடற்பயிற்சி எனத் தனியே ஒன்று வேண்டியதில்லை. வாழ்வே பயிற்சியாய் இருந்தது. இன்று வெள்ளிமலைக்குப் பேருந்து செல்கிறது. இது நற்பேறே, நோயாளியை மருத்துவமனைக்கும் மாணவரைக் கல்லூரிக்கும் கொணர்வது அச்சாலையே. ஆயினும் சாலை வந்து நடையை எடுத்துக்கொண்டபோது, அதற்கு ஈடாக நாம் எதனை வைத்தோம்? கள்ளக்குறிச்சியில் இருசக்கர வண்டியும் நாற்காலியுமே நம் பொழுதைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

ஈடாக வைக்கத்தக்கது ஆடுகளமே. பள்ளிப் பருவத்தினர்க்கு நாள்தோறும் 60 நிமிடமும், பெரியோர்க்கு வாரம் 150 நிமிடமேனும் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நாமோ தேர்வு நெருங்கினால் முதலில் விளையாட்டுப் பாடவேளையைத்தான் பறிக்கிறோம். மாணவச் செல்வங்களுக்கு மதிப்பெண்ணைக் கொடுத்து, நாற்பது வயதில் வரும் நோயையும் உடன் கொடுத்தல் கல்வியாகுமா?

பக் பெருமகனாருக்குச் சிலை எழுப்ப வேண்டுவதில்லை. பறித்த பாடவேளையை மாணவர்க்குத் திருப்பி அளிப்போம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.