கற்பிட்டி தந்த காசிச்செட்டி

ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் கற்பிட்டியிலே 1807-ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளத்து மணியகாரராகவும், சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாகவும், பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார்.

உத்தியோகத்தர் திரட்டும் செய்திகள் பெரும்பாலும் கந்தோர்க் கட்டுகளுக்குள்ளேயே உறங்கிவிடுவன. இவரோ இலங்கையின் ஊர்கள், ஆறுகள், குடிகள் பற்றிய செய்திகளைத் திரட்டி, ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலாக 1834-இல் உலகறியத் தந்தார். அப்போது இவருக்கு வயது 27 அளவே. அவ்வயதை அணுகும் நாம் நம் ஊரைப் பற்றி எழுதிவைத்தது யாது?

1859-இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூலிலே, ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்தம் வரலாறுகளைத் தொகுத்தார். இவர் கிறிஸ்தவர், எனினும் சைவ, வைணவப் புலவரை வேற்றவரென ஒதுக்கினாரல்லர். கேள்விவழிக் கதைகளும் அந்நூலிற் கலந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும், ஏட்டோடு புலவர் பெயரும் செல்லரித்துப் போகாமற் காத்த கை இவருடையது. 1886-இல் சதாசிவம்பிள்ளை தமிழில் இயற்றிய ‘பாவலர் சரித்திர தீபக’த்திற்கும் அந்நூல் துணைநின்றது.

1860-இல் காசிச்செட்டியார் மறைந்தார். அவருக்கு நாம் பட்ட கடனை மாலை சூட்டித் தீர்த்தல் இயலாது. நம் ஊர் முதியோர் சொல்வனவற்றை இன்றே கேட்டு எழுதிவைப்போமாக. நாளை கேட்கச் சென்றால் திண்ணை வெறிதாயிருக்கும்.