முதல்ல 'ஏ', அப்புறம் 'பி', அதுக்கப்புறம்தான் 'சி'

சி லேப்ல எம்கேடிர் ஃபங்ஷனுக்கு 'ஏ/பி/சி'ன்னு முழுப் பாதையையும் கொடுத்து எரர் வாங்கியிருக்கீங்களா? ஒரு தடவைக்கு ஒரே டைரக்டரியைத்தான் அது உருவாக்கும். மேலே உள்ள பேரன்ட் டைரக்டரி முதல்லயே இருக்கணும். அதனால நாம எழுதுற ரிகர்ஸிவ் ஃபங்ஷன், முதலில் பேரன்ட்டுக்காகத் தன்னையே அழைத்துவிட்டு, கடைசிப் பெயரைப் பிறகுதான் உருவாக்கும்.

சி மொழியைத் தந்த டென்னிஸ் ரிச்சியின் கதையும் இப்படிப் படிப்படியானதுதான். 1941-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பா வேலை பார்த்த பெல் லேப்ஸிலேயே 1967-இல் சேர்ந்தார். ஹார்வர்டில் லூப்புக்குள் லூப் வரும் புரோகிராம்களை ஆராய்ந்து ஆய்வேடு எழுதி முடித்தார். ஆனா முனைவர் பட்டம் மட்டும் வாங்கவே இல்லை!

மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல் மொழியிலிருந்து கென் தாம்சன் 'பி'யை உருவாக்கினார். அந்த 'பி'யிலிருந்து ரிச்சி 'சி'யை வளர்த்தெடுத்தார். 1973-இல் யூனிக்ஸ் சி-யிலேயே மாற்றி எழுதப்பட்டது. 1983-இல் தாம்சனுக்கும் ரிச்சிக்கும் டூரிங் விருது கிடைத்தது. 2011 அக்டோபரில் ரிச்சி காலமானார்.

முனைவர் பட்டம் வாங்காதவர் எழுதிய மொழியில்தான் நாம பட்டத்துக்குப் படிக்கிறோம். அடுத்த தடவை எரர் வந்தா கடைசிப் பெயரையே முறைச்சுப் பார்க்காதீங்க. அதுக்கு முன்னாடி எந்தப் படி விட்டுப்போச்சுன்னு தேடுங்க.