யாத்திரிகம் பாடிய புலவர்

அபிராமபுரத்தை அடுத்துள்ளது மயிலாப்பூர். அங்குள்ள தூய தோமையர் ஆலயத்தில் 1858-ஆம் ஆண்டு தமிழ்ப் புலவர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். அவரே ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், 1827-இல், வைணவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தார். 1853-இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே கிறித்தவரானார். புதிய சமயத்தை ஏற்றவர் பழம்புலமையைத் துறப்பாரோ? இவர் துறக்கவில்லை, கம்பரிடம் கற்ற தமிழைக் கிறிஸ்துவுக்குப் படைத்தார்.

ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதை ஒன்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதில் ஒருவன் முதுகில் பாவச்சுமையுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வான்நகர் நோக்கி நடக்கிறான். அவன் மாவீரன் அல்லன். சேற்றில் விழுகிறான், அஞ்சுகிறான், வழி தவறிச் சிறைப்படுகிறான், மீண்டும் எழுந்து நடக்கிறான். நாள்தோறும் நம்பிக்கையைக் காக்க முயலும் எளிய மனிதனின் நிலையும் அதுதானே!

அக்கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைப் பிள்ளையவர்கள் இயற்றினார். பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் என்னும் மாத இதழில் அது பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. தமிழ் கற்பித்து வாழ்ந்தவர், திங்கள்தோறும் சில பாடல்களாக 3,700-க்கும் மேற்பட்டவற்றைப் பாடினார். கவிபாடும் ஆற்றலினும் இவ்விடாமுயற்சி அரிது என்றே தோன்றுகிறது.

1894-இல் காப்பியம் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. மக்கள் அவரைக் கிறித்தவக் கம்பர் எனப் போற்றினர். அதன் பின்னும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. இரட்சணிய மனோகரம் 1899-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார்.