ஈலை கல்பர்ட்ஸன்

சீட்டாட்டம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் இல்லங்களிற் பிறந்தோர் நம்முட் பலர். சூதினால் நாடிழந்த தருமன் கதையை இளமையிலேயே கேட்ட நமக்கு அவ்வெறுப்புப் பொருத்தமானதே. எனினும், சீட்டினாற் பிழைத்து, சீட்டினாற் பெரும்பொருள் ஈட்டி, ஈற்றில் அதனைக் கைவிட்டு உலக சமாதானத்திற்கு வழி தேடிய ஒருவரது சரித்திரம் நாம் அறிதற்குரியது.

ஈலை கல்பர்ட்ஸன் 1891-ம் ஆண்டு ஜூலை மாதம் 22-ந் தேதி ருமேனியா தேசத்திற் பிறந்தார். தந்தையார் எண்ணெய் தேடிச் சென்ற அமெரிக்கர். தாயார் ரஷ்யக் கொசாக்குத் தளபதி ஒருவரின் புதல்வி. 1917-ல் நிகழ்ந்த ரஷ்யப் புரட்சியிற் குடும்பச் செல்வம் முழுவதும் அழிந்தது. பல பாஷைகள் கற்ற அவ்விளைஞர்க்குப் பாரிஸ் முதலிய நகரங்களிற் சீட்டே சோறளித்தது. 1921-ல் அமெரிக்கா சேர்ந்து, 1923-ல் நியூயார்க்கில் பிரிட்ஜ் ஆட்டம் கற்பித்துவந்த ஜோஸபின் அம்மையாரை மணந்தார்.

1925-ல் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னும் செல்வர் அவ்வாட்டத்தின் விதிகளைத் திருத்தினார். அதுகாறும் கேளாமற் கிடைத்த பிடிகளும் வெற்றிக்குரிய கணக்கிற் சேர்ந்தன. புது விதியின்படி, முன்னரே கேட்ட பிடிகளே அக்கணக்கிற் சேரும். ஆகவே ஆடும் திறத்தினும் கேட்கும் திறமே பெரிதாயிற்று. எதிரெதிரே அமர்ந்த கூட்டாளிகள் இருவரும் ஒருவர் கையை மற்றவர்க்குக் காட்டலாகாது. சில சொற்களாலேயே உணர்த்துதல் வேண்டும். கல்பர்ட்ஸன் கண்டது இதுவே: கேள்வி என்பது ஒரு பாஷை, அதற்கோர் இலக்கணம் வேண்டும். 1929-ல் ‘பிரிட்ஜ் வேர்ல்டு’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். 1930-ல் அவ்விலக்கணத்தை நூலாக வெளியிட்டார்.

இவ்விலக்கணத்தில் நுட்பமானது துருப்பில்லாக் கேள்வி. துருப்பு உளதேல், ஓரினத்தில் நம் கை வறிதாயினும் சிறு துருப்பால் வெட்டிப் பிழைக்கலாம். துருப்பின்றி ஆடுங்கால் அக்காப்பு இல்லை. எதிரி தன் நீண்ட இனத்தை இறக்கத் தொடங்கின் தடுப்பார் இலர். ஆதலின் நான்கு இனங்களிலும் காவல் இருத்தல் வேண்டும். இவ்வாபத்திற்கு ஈடாக ஒரு சலுகையும் உண்டு. முதற் பிடிக்கு 40, பின்னைய ஒவ்வொன்றுக்கும் 30 ஆதலின், ஒன்பது பிடிகளிலேயே ஆட்டத்திற்குரிய 100 நிரம்பும். இஸ்பேட்டு, ஆடுதன் ஆகியவற்றிற் பத்துப் பிடிகளும், டைமன், கிளாவரிற் பதினொன்றும் வேண்டும். இச்சலுகை கண்டு பலரும் துருப்பின்மைக்கு விரைந்தனர். கல்பர்ட்ஸனோ அவ்வவசரத்தைக் கண்டித்தார். முதலில் ஓர் இனத்தைக் கூறிப் பையப் பைய நெருங்குக. சமமாகப் பரவிய வலிய கைக்கே துருப்பின்மையை முதலிற் கூறுக என்பது அவர் கொள்கை. கையின் வலியை அளக்கவும் ஓர் அளவை வகுத்தார்: ஆஸுக்கு ஒன்று, அதனோடு அவ்வினத்து ராஜாவும் இருப்பின் இரண்டு, ஆஸும் ராணியும் ஒன்றரை, சிறுசீட்டின் துணையோடு நிற்கும் ராஜா அரை.

உயர்ந்த கேள்விகளுக்கும் அவர் துருப்பின்மையையே கருவியாக்கினார். ஒருவர் நான்கு துருப்பின்மை கூறின், அவரிடம் மூன்று ஆஸ்களேனும், அன்றி இரண்டு ஆஸ்களும் முன் கூறிய இனமொன்றின் ராஜாவுமேனும் உள என்பது பொருள். எனவே அவர் கேட்கும்போதே தம்மிடம் உள்ளதையும் சொல்லிவிடுகிறார். பிற்காலத்தில் எளிதான பிளாக்வுட் முறை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. கேட்பதோடு நின்றுவிடும் அம்முறையினும் பழையதே அழகுடையதென்பது நம் எண்ணம்.

அவரது புகழ் கண்டு பழைய ஆசிரியர்கள் வெகுண்டு ஒன்றுகூடினர். அவருள் ஸிட்னி லென்ஸ் என்பாரோடு 1931 டிசம்பர் முதல் 1932 ஜனவரி வரை நியூயார்க்கில் 150 ‘ரப்பர்’ ஆட்டங்கள் நடந்தன. பஞ்சம் மலிந்த அந்நாளிற் பத்திரிகைகள் அதனைப் போர்ச்செய்திபோல் வெளியிட்டன. நடுவராக இருந்த இளந்தளபதி ஆல்பிரட் குருந்தர் பின்னாளில் நேட்டோ சேனைகளின் தலைமை ஏற்றவர். லென்ஸின் கூட்டாளியான ஆஸ்வால்டு ஜேக்கபி மனம் வேறுபட்டு இடையில் விலகினார். கல்பர்ட்ஸனோ பெரும்பாலும் ஜோஸபினோடு ஆடினார்; 8,980 புள்ளிகளால் வென்றார். நிதானமும் தெளிவும் வாய்ந்த அம்மையார் எதிரிலிருந்திலரேல் இவ்வெற்றி வாய்த்திராதென்றே நாம் கருதுகிறோம்.

1937-ல் புடாபெஸ்ட் நகரில் ஆஸ்திரிய அணியிடம் தோற்றார். மறு ஆண்டே தம்பதிகள் மணவிலக்குப் பெற்றனர். சீட்டு மேசையில் ஒருவர் குறிப்பை ஒருவர் பிழையாது உணர்ந்த இருவர்க்கு இல்லத்தில் அப்பாஷை உதவவில்லை.

அதன்பின் அவர் உள்ளம் சீட்டிற் செல்லவில்லை. யுத்தம் மூண்டபோது, தேசங்கள் தம்முட் பங்கிட்டு அமைக்கும் பொதுச் சேனையொன்றால் உலகைக் காக்கத் திட்டம் வகுத்தார். 1943-ல் அதனை நூலாக்கினார். அரசியலாரிடம் ஓயாது வாதாடினார். சீட்டாடி சொன்ன சமாதானம் என்றே பலர் அதனை ஒதுக்கினர். சீட்டினால் ஈட்டிய பெயரே ஈற்றில் அவர்க்குத் தடையாயிற்று. 1955 டிசம்பர் 27-ல் வெர்மாண்ட் மாகாணத்துப் பிராட்டில்பரோ என்னும் ஊரில் இறந்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜோஸபின் அம்மையாரும் காலஞ்சென்றார்.